தொழிற்சங்கம்: சேருவதற்கு முன்னும் சேர்ந்த பின்னும் எழும் கேள்விகள்

சங்கத்தில் சேரலாமா என்று யோசிப்பவர்கள், சேர்ந்துவிட்டுச் சலித்துக்கொள்பவர்கள், சங்கத்தோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டிய மேலாளர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. தொழிலாளர் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், ஒரு சட்டத்தைக் குறிப்பிடும் இடத்தில் அது எந்த நாட்டுடையது என்பதும் சேர்த்தே சொல்லப்பட்டுள்ளது.

தொழிற்சங்கம் அடிப்படையில் செய்யும் வேலை என்ன?

தனி ஒருவராகப் போய்க் கேட்டால் சலுகையாக மட்டுமே கிடைக்கக்கூடிய ஒன்றை, எல்லோரும் சேர்ந்து கேட்டு விதியாக எழுதி வாங்குவதுதான் சங்கத்தின் அடிப்படை வேலை. மேற்பார்வையாளர் மனம் வைத்தால் விடுப்பு, மனம் கோணினால் இரவு ஷிஃப்ட் என்ற நிலை மாறி, யாருக்கு எப்போது எந்த ஷிஃப்ட் என்பது இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளில் இருக்கும். சங்கத்தால் விளையும் நன்மைகளும் அதைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஒரே வேரிலிருந்து முளைப்பவை. மனம்போன போக்கைத் தடுக்கும் விதி, நியாயமான விதிவிலக்கையும் சில நேரம் தடுத்துவிடுகிறது.

இந்த வேலையைச் செய்வதற்கான உரிமை எளிதில் கிடைத்துவிடவில்லை. பிரிட்டனில் 1799, 1800 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்கள், ஊதிய உயர்வுக்காகத் தொழிலாளர்கள் ஒன்றுகூடுவதையே குற்றமாக்கின. அவை 1824இல் நீக்கப்பட்டாலும், சங்கங்களுக்கு முறையான சட்ட அங்கீகாரம் 1871இல்தான் வந்தது.

சங்கம் இருந்தால் சம்பளம் உண்மையிலேயே கூடுமா?

பொதுவாகக் கூடும். எவ்வளவு கூடும் என்பது நாட்டையும் தொழிலையும் பொறுத்தது. இது அதிகம் ஆராயப்பட்ட அமெரிக்காவில், ஒரே வகை வேலையில் சங்கத்துக்கு உட்பட்டவர்களின் ஊதியம் மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் அதிகம் என்று பெரும்பாலான மதிப்பீடுகள் சொல்லி வந்துள்ளன. ஆனால் இந்த உயர்வு எல்லோருக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை. சங்கம் கீழ்ப்படியில் இருப்பவர்களை அதிகமாகவும் மேல்படியில் இருப்பவர்களைக் குறைவாகவும் தூக்குகிறது. தனியாகப் பேரம் பேசினால் நல்ல விலை போகக்கூடிய மிகத் திறமையான ஒருவருக்கு, கூட்டுப் பேரத்தில் ஒருவேளை இழப்பே கூட ஏற்படலாம். இதை மறைத்து ஆள் சேர்ப்பவர்கள் பின்னால் அவருடைய கசப்பைச் சம்பாதித்துக்கொள்கிறார்கள்.

சம்பள உயர்வுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. நிறுவனத்தின் லாபத்திலிருந்து வரலாம். பொருளின் விலை ஏறி வாங்குபவரின் பையிலிருந்து வரலாம். புதிய ஆட்களை எடுப்பது குறைந்து, வெளியே வேலை தேடிக்கொண்டிருப்பவரின் வாய்ப்பிலிருந்தும் வரலாம். போட்டி குறைந்து லாபம் பெருத்திருக்கும் தொழிலில் முதல் வழி திறந்திருக்கும். நூலிழை லாபத்தில் ஓடும் தொழிலில் அது அடைபட்டிருக்கும். ஆகவே நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பேச்சுவார்த்தைக் குழுவில் இருப்பது, மேடையில் முழங்கத் தெரிந்த பத்துப் பேர் இருப்பதைவிடப் பயன் தரும்.

சம்பளத்தைத் தவிர வேறு என்ன நன்மை?

ஒரு விசாரணை அறையை நினைத்துப் பாருங்கள். மேசைக்கு ஒரு பக்கம் மனிதவளத் துறை அதிகாரி, பிரிவு மேலாளர், குறிப்பெடுப்பவர் என மூவர். எதிரே ஒரே ஒருவர். அவர் கையில் முந்தின நாள் மாலை கொடுக்கப்பட்ட குறிப்பாணை. ‘உங்கள் விளக்கத்தைச் சொல்லலாம்’ என்கிறார்கள். சொல்லத் தொடங்கியதும், எந்தச் சொல் பின்னால் தனக்கு எதிராகத் திரும்பும் என்று தெரியாமல் நா குழறுகிறது. தான் செய்யாததைக்கூடச் செய்ததுபோல் ஒப்புக்கொண்டு ‘மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறார்.

இப்போது அவருக்குப் பக்கத்தில் ஒரு சங்கப் பிரதிநிதியை உட்கார வையுங்கள். அவர் அதிகம் பேசுவதில்லை. குற்றச்சாட்டில் தேதி தவறாக இருப்பதைச் சுட்டுகிறார். சாட்சியின் வாக்குமூலத்தின் நகலைக் கேட்கிறார். இதே தவறுக்குச் சென்ற ஆண்டு இன்னொருவருக்கு எச்சரிக்கை மட்டுமே தரப்பட்டதை நினைவூட்டுகிறார். தண்டனை வருகிறதோ இல்லையோ, விசாரணை விசாரணையாக நடக்கிறது. பிரிட்டனின் 1999ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உறவுகள் சட்டம், ஒழுங்கு நடவடிக்கை விசாரணைக்குச் சங்கப் பிரதிநிதியையோ சக ஊழியரையோ உடன் அழைத்து வரும் உரிமையைத் தொழிலாளிக்கு வழங்குகிறது. அமெரிக்காவில், சங்கம் உள்ள பணியிடங்களுக்கு இதை ஒத்த உரிமையை உச்ச நீதிமன்றம் 1975இல் உறுதிசெய்தது. என் கணிப்பில், சந்தாவுக்குரிய மதிப்பு முழுமையாகக் கண்ணுக்குத் தெரியும் இடம் ஊதிய ஒப்பந்தத்தைவிட இந்த அறைதான்.

பணியிடப் பாதுகாப்புக்குச் சட்டமும் ஆய்வாளர்களும் இருக்கும்போது சங்கம் எதற்கு?

ஆய்வாளர் ஆண்டுக்கு ஒரு முறை வந்தாலே பெரிது. தொழிலாளி ஆண்டு முழுவதும் இயந்திரத்தின் முன் நிற்கிறார். ஆபத்தை முதலில் பார்ப்பவர் அவர். பார்த்ததைச் சொன்னால் வேலை போகாது என்ற உறுதி இல்லையென்றால், அவர் பார்த்தது யாருக்கும் பயன்படாது.

வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகில் சாவர் என்ற இடத்தில் இருந்த ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடத்தில், 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களிலும் தூண்களிலும் விரிசல்கள் தென்பட்டன. கீழ்த்தளங்களில் இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் இருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை உள்ளே அனுப்பப்பட்டார்கள். தயங்கியவர்களிடம் மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வோம் என்று மிரட்டப்பட்டதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தொழிற்சாலைகள் எதிலும் சங்கம் இல்லை.

விரிசலைப் பார்க்க அவர்களுக்குக் கண் இருந்தது, ஆபத்தை அறிய அறிவும் இருந்தது. ‘நாங்கள் யாரும் ஏற மாட்டோம்’ என்று ஒரே குரலில் சொல்வதற்கான ஏற்பாடுதான் இருக்கவில்லை. விபத்துக்குப் பின் சில வாரங்களில், உலகளாவிய தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் ஆடை விற்கும் பன்னாட்டு நிறுவனங்களும் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்புக்கான ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. நிறுவனங்கள் தாமாக வெளியிடும் நன்னடத்தை அறிக்கைகளைப் போலன்றி, அது சட்டப்படி கட்டுப்படுத்தும் தன்மை உடையதாக இருந்தது.

சந்தா கட்டாதவருக்கும் அதே உயர்வு கிடைக்கிறதே, நான் மட்டும் ஏன் கட்ட வேண்டும்?

சங்கங்களின் தீராத தலைவலி இது. ஊதிய ஒப்பந்தம் வழக்கமாக உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. உழைத்தவர் வாங்கித் தந்ததை ஒதுங்கி நின்றவரும் பெறுகிறார். ஒவ்வொருவரும் இப்படியே கணக்குப் போட்டால் பெறுவதற்கு எதுவும் மிஞ்சாது.

இதற்கு நாடுகள் வெவ்வேறு விடைகளைத் தேடியிருக்கின்றன. அமெரிக்காவின் 1947ஆம் ஆண்டு டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம், சங்கத்தில் சேர்ந்தவரை மட்டுமே வேலைக்கு எடுக்கலாம் என்ற ஒப்பந்தங்களைத் தடைசெய்ததோடு, கட்டாயச் சந்தாவையே விலக்கிச் சட்டம் இயற்ற மாநிலங்களுக்கு இடமளித்தது. ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகளில் வேலையின்மைக் காப்பீட்டு நிதிகள் சங்கங்களோடு தொடர்புடையவையாக வளர்ந்ததால், சேருவதற்குக் கையில் பிடிக்கக்கூடிய காரணம் ஒன்று இருந்தது. உறுப்பினர் எண்ணிக்கையும் உயர்ந்து நின்றது. பிரான்ஸ் இதற்கு நேர்மாறு. அங்கே உழைப்பாளர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் சங்க உறுப்பினர். ஆனாலும் தொழில்துறை முழுவதற்கும் ஒப்பந்தத்தை அரசு விரிவாக்கும் முறை இருப்பதால், மிகப் பெரும்பான்மையோர் ஏதோ ஓர் ஒப்பந்தத்தின் கீழ் வந்துவிடுகிறார்கள்.

யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கக் கூடாது என்பது நியாயமான வாதம். அதே நேரம், விசாரணை என்று வந்தவுடன் மட்டும் சங்க அலுவலகத்தின் கதவைத் தட்டுபவரைப் பற்றிச் சந்தா கட்டியவர்கள் முணுமுணுப்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஒழுங்காக வேலை செய்யாதவரையும் சங்கம் காப்பாற்றுகிறது என்பது உண்மையா?

பல இடங்களில் உண்மை. ஐந்து பேர் செய்ய வேண்டிய வேலையை நான்கு பேர் செய்ய, ஐந்தாமவர் தேநீர் இடைவேளையை ஒரு மணி நேரம் நீட்டிக்கொண்டிருப்பார். அவருக்குக் குறிப்பாணை வந்தால் சங்கம் முன்னால் நிற்கும். அந்த நான்கு பேருக்கும் இதைவிடச் சங்கத்தின் மீது வெறுப்பை ஏற்படுத்தும் செயல் வேறில்லை.

இருந்தாலும் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்று கண்காணிப்பது சங்கத்தின் கடமை. குற்றவாளிக்கும் வழக்கறிஞர் உண்டு என்பதைப் போன்றது அது. நடைமுறையெல்லாம் சரியாக இருந்தும், ஆதாரம் தெளிவாக இருந்தும், ‘நம் ஆள்’ என்ற ஒரே காரணத்துக்காக வாயிற்கூட்டம் போடுவது கடமை ஆகாது. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதற்கு மறுப்புச் சொல்லத் துணிந்த சங்கத் தலைமைதான் நிர்வாகத்திடமும் உறுப்பினரிடமும் மரியாதையோடு நிற்கிறது. அப்படி மறுப்புச் சொல்லும் தலைவர் அடுத்த தேர்தலில் தோற்கவும் கூடும் என்பதால் இது அரிதாகவே நடக்கிறது.

பணி மூப்பு அடிப்படையில் எல்லாம் நடந்தால் திறமைக்கு என்ன மதிப்பு?

பணி மூப்பு என்பது யாராலும் வளைக்க முடியாத அளவுகோல். சேர்ந்த தேதியை மேலாளரின் உறவினர்கூட மாற்றிவிட முடியாது. அதனால்தான் சங்கங்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன. திறமையை அளக்கிறோம் என்ற பெயரில் காக்கை பிடிப்பவர்களுக்குப் பதவி கிடைத்த இடங்களில் இந்தப் பிடிப்பு இன்னும் இறுகியிருக்கும். இதற்கான விலையை இளையவர்கள் கொடுக்கிறார்கள்: ஆட்குறைப்பு வந்தால் முதலில் போவதும், பதவி உயர்வில் கடைசியாக வருவதும் அவர்களே. வெளிப்படையான தேர்வும் மேல்முறையீட்டு வழியும் வைத்து, குறிப்பிட்ட பங்கு உயர்வுகளைத் திறமைக்கு ஒதுக்கும் ஒப்பந்தங்களும் நடைமுறையில் உண்டு. ஆனால் மதிப்பெண் போடுபவரை நம்பலாம் என்ற நிலை முதலில் வர வேண்டும்.

வேலைநிறுத்தத்தில் கடைசியில் நட்டப்படுவது யார்?

நாள் கணக்கில் பார்த்தால் எல்லோரும். நிறுவனம் உற்பத்தியை இழக்கிறது, தொழிலாளி சம்பளத்தை இழக்கிறார், இருவருக்கும் தொடர்பில்லாத பயணியோ நோயாளியோ மாணவரோ நடுவில் மாட்டிக்கொள்கிறார். வேலைநிறுத்தம் செய்வதாக அறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பேசித் தீர்த்துக்கொள்வதே கூடுதல் பலன் தருவது என்பது பழம் தின்று கொட்டை போட்ட சங்கத் தலைவர்கள் அறிந்ததுதான்.

தவறான கணக்கு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு 1981 ஆகஸ்டில் அமெரிக்க வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் சாட்சி. அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வதைச் சட்டம் தடைசெய்திருந்தது. 48 மணி நேரக் கெடுவுக்குள் திரும்பாத 11,000க்கும் மேற்பட்டோரை அதிபர் ரீகன் பணிநீக்கம் செய்தார். சங்கத்தின் அங்கீகாரமும் பறிக்கப்பட்டது. தங்களுக்கு மாற்று ஆட்களே கிடையாது என்ற நம்பிக்கையில் இறங்கியவர்கள் அவர்கள்.

பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நடத்திய போராட்டத்தில் வேறொரு பாடம் இருக்கிறது. நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தாமலே சங்கத் தலைமை அதை முன்னெடுத்தது. நாட்டிங்காம்ஷயர் சுரங்கங்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். அவர்களைக் கருங்காலிகள் என்று மற்றவர்கள் ஏசினார்கள். கடைசியில் தனிச் சங்கமே உருவானது. வாக்கெடுப்பு நடந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பது வாதத்துக்குரியது. ஆனால் ‘எங்களைக் கேட்டீர்களா’ என்ற கேள்விக்குத் தலைமையிடம் விடை இல்லாமல் போனது.

வேலைநிறுத்தத்துக்கும் பணிந்து போவதற்கும் இடையே வேறு வழிகளும் இருக்கின்றன. மிகைநேரப் பணியை மறுப்பது, விதிப்புத்தகத்தில் உள்ளபடி மட்டும் வேலை செய்வது, சமரச அதிகாரி முன் செல்வது, இரு தரப்பும் ஏற்கும் நடுவரிடம் விடுவது ஆகியவை அவற்றில் சில.

புதிய இயந்திரங்கள் வருவதைச் சங்கங்கள் தடுத்து, நிறுவனத்தையே மூழ்கடித்துவிடாதா?

இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. லண்டன் நாளிதழ்களின் அச்சுத் தொழிலாளர் சங்கங்கள் கணினி அச்சுக்கோப்பை நெடுங்காலம் எதிர்த்து நின்றன. 1986 ஜனவரியில் ஒரு பெரிய பத்திரிகைக் குழுமம் வாப்பிங் என்ற இடத்தில் ரகசியமாகத் தயார்செய்திருந்த புதிய அச்சகத்துக்கு மாறியது; வேலைநிறுத்தம் செய்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள்.

அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் 1960இல் வேறு வழியில் போனது. சரக்குப் பெட்டகங்களும் பளுதூக்கிகளும் வருவதைத் தடுக்க முடியாது என்று கணித்த அதன் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ், இயந்திரமயமாக்கலை ஏற்றுக்கொண்டு அதற்கு விலை பேசினார். முதலாளிகள் ஒரு நிதிக்குப் பணம் செலுத்தினார்கள். அதிலிருந்து வருமான உத்தரவாதமும் முன்கூட்டியே ஓய்வு பெறுவோருக்கான தொகையும் வழங்கப்பட்டன. துறைமுகங்களில் வேலை செய்தோர் எண்ணிக்கை பின்னாளில் வெகுவாகக் குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலையிடங்களை அந்த ஒப்பந்தம் காப்பாற்றவில்லை, வேலையில் இருந்தவர்களைக் காப்பாற்றியது.

சங்கம் உண்மையிலேயே எல்லோருக்கும் குரல் கொடுக்கிறதா?

பெரும்பாலும் உள்ளே இருப்பவர்களுக்குத்தான். நிரந்தரத் தொழிலாளர்கள் நிறைந்த சங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியின் கோரிக்கை பட்டியலின் கடைசி வரிக்குப் போய்விடும். பேரம் இறுகும்போது முதலில் விட்டுக்கொடுக்கப்படுவதும் அந்த வரிதான். அமெரிக்கக் கார் தொழிலாளர் சங்கம் 2007இல் மூன்று பெரிய நிறுவனங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள், புதிதாகச் சேரும் பலருக்குப் பழையவர்கள் வாங்கியதில் ஏறக்குறைய பாதி ஊதியமே கிடைக்க வழிசெய்தன. ஒரே வரிசையில் நின்று ஒரே திருகை முடுக்கும் இருவருக்கு இரண்டு கூலி. அந்த ஏற்பாட்டை ஒழிப்பது 2023ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது.

பெண்களின் அனுபவமும் இப்படித்தான். 1968இல் பிரிட்டனின் டாகன்ஹாம் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் இருக்கை உறைகளைத் தைத்த பெண்கள், தங்கள் வேலை திறன் குறைந்த வேலையாகத் தரப்படுத்தப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 1970இல் சம ஊதியச் சட்டம் வருவதற்கு அது ஒரு தூண்டுகோலாக அமைந்தது. ஆனால் அவர்கள் முதலில் கேட்ட தரவரிசை மாற்றம் 1984இல் இன்னொரு வேலைநிறுத்தத்துக்குப் பின்னரே கிடைத்தது.

சங்கத் தலைவர்களே தவறு செய்தால்?

கணக்குக் காட்டாத தலைமை, பத்தாண்டாக நடக்காத தேர்தல், நிர்வாகத்தோடு மூடிய அறையில் முடியும் ஒப்பந்தம் என்று இந்தப் புகார்களுக்குக் குறைவில்லை. அமெரிக்காவில் இத்தகைய முறைகேடுகள் குறித்த நாடாளுமன்ற விசாரணையைத் தொடர்ந்து வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம், ரகசிய வாக்கெடுப்பையும் ஆண்டு நிதி அறிக்கையையும் சங்கங்களுக்குக் கட்டாயமாக்கியது. உறுப்பினர்கள் பொதுக்குழுவுக்கே போகாத சங்கத்தில் எந்தச் சட்டமும் பாதி வேலைதான் செய்யும்.

நிர்வாகத்துக்குச் சங்கத்தால் ஏதாவது நன்மை உண்டா?

உண்டு, நிர்வாகம் கேட்கத் தயாராக இருந்தால். குறையைச் சொல்ல வழியில்லாத இடத்தில் தொழிலாளி வேறு வேலை தேடிக்கொண்டு போய்விடுகிறார்; ஏன் போனார் என்பது நிறுவனத்துக்குக் கடைசிவரை தெரிவதில்லை. சங்கம் உள்ள இடங்களில் ஆட்கள் விட்டுப்போவது குறைவு என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. ஆயிரம் பேரோடு தனித்தனியாகப் பேசுவதற்குப் பதில் ஒரு குழுவோடு பேசி முடிக்கலாம் என்ற வசதியும் இருக்கிறது. ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போனது: 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்யும் பெரிய நிறுவனங்களில், நிர்வாகிகளை நியமித்துக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவின் பாதி இடங்கள் ஊழியர் தரப்புக்கு உரியவை. வாக்குகள் சமமாகப் பிரிந்தால் பங்குதாரர் தரப்பைச் சேர்ந்த தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு என்பதால் கடிவாளம் முழுவதுமாகக் கைமாறிவிடவில்லை.

ஒரே பணியிடத்தில் நான்கைந்து சங்கங்கள் போட்டி போடும்போது இந்த நன்மை காணாமல் போகிறது. ஒருவர் ஏற்றுக்கொண்டதை இன்னொருவர் காட்டிக்கொடுத்தல் என்பார். யாரோடு பேசி முடித்தாலும் பேச்சு முடிந்ததாகாது.

நிர்வாகமே அமைத்துத் தரும் ஊழியர் குழு போதாதா?

குடிநீர், கழிவறை, பேருந்து நேரம் போன்ற விஷயங்களுக்குப் போதும். சம்பளமும் பணிநீக்கமும் பேச்சுக்கு வரும்போது, உறுப்பினர்களை யார் நியமித்தார்கள், யார் கலைக்க முடியும் என்ற கேள்வி எழுந்துவிடும். முதலாளி ஆதிக்கத்தில் இயங்கும் சங்கங்களை அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டு வாக்னர் சட்டம் தடைசெய்தது இதனால்தான்.

சேர்ந்தால் என்னைப் பழிவாங்குவார்களா?

சங்கம் அமைக்கும் உரிமையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1948ஆம் ஆண்டின் 87ஆம் உடன்படிக்கையும், சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பாகுபாடு காட்டப்படுவதிலிருந்து பாதுகாப்பையும் கூட்டுப் பேர உரிமையையும் 1949ஆம் ஆண்டின் 98ஆம் உடன்படிக்கையும் வரையறுக்கின்றன. இரண்டையும் ஏற்காத நாடுகளும் இருக்கின்றன. அமெரிக்காவும் இந்தியாவும் அவற்றில் அடங்கும். ஆனால் உள்நாட்டுச் சட்டங்கள் வேறு வகையில் பாதுகாப்புத் தரக்கூடும். சட்டம் இருந்தாலும் இடமாற்றம், பிடிக்காத ஷிஃப்ட், நிறுத்திவைக்கப்படும் உயர்வு என்று பழிவாங்கலுக்குச் சந்துகள் உண்டு என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. சங்கம் தொடங்கும் முதல் சில மாதங்களே ஆபத்தானவை. அக்காலத்தில் வரும் ஒவ்வோர் உத்தரவையும் எழுத்தில் கேட்டு வாங்கித் தேதியோடு பாதுகாத்து வைப்பது, பின்னால் வழக்கு என்று வந்தால் கைகொடுக்கும்.

சேருவதற்கு முன் சங்கத்திடம் என்ன கேட்க வேண்டும்?

கடைசித் தேர்தல் எப்போது நடந்தது, சென்ற ஆண்டின் வரவுசெலவுக் கணக்கு எங்கே, நடப்பு ஒப்பந்தத்தின் நகல் கிடைக்குமா, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் அது உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு விடப்பட்டதா, ஒப்பந்தத் தொழிலாளர்கள் உறுப்பினராகலாமா என்று கேளுங்கள். விடை தர முடியாத சங்கத்தை விட்டு ஓட வேண்டும் என்பதில்லை. உள்ளே போய்ப் பொதுக்குழுவில் எழுந்து நின்று அதே கேள்விகளைக் கேட்கவும் செய்யலாம். ஆனால் சந்தா ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், பொதுக்குழுவில் உங்களைப் பேச விடுவதற்கு முன் அதைத்தான் கேட்பார்கள்.